தடுப்பூசி முகாமின் தன்னார்வலர்களுக்கு உருப்படியாக நன்றி சொல்வது எப்படி

ஊசி போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நர்சிடம் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தப்பில்லை, சிரிஞ்ச் அவர் கையில்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அந்த நாற்காலியில் போய் உட்காரும்போது உங்கள் பெயர் பட்டியலில் இருந்தது, அட்டை எழுதப்பட்டிருந்தது, மருந்து கெடாமல் வந்து சேர்ந்திருந்தது, வரிசையில் சண்டை எதுவும் நடக்கவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டவர்கள் ஐந்தாறு பேர். பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று சிலர் உண்மையான அக்கறையோடு என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற தட்டச்சர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி என்னைப் பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள், இன்னும் எழுப்பவில்லை. மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவளுக்கு, எந்த நன்றி மனதில் தங்குகிறது, எந்த நன்றி வேலையைக் கெடுக்கிறது என்பது நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவதில் பாதி, பார்வைக்கு நன்றி மாதிரியே இருக்காது. இருந்தாலும் கேளுங்கள்.

முதலில் யார் என்ன செய்தார் என்று கவனியுங்கள்

"எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்று வாசலில் நின்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். யாருக்கு, எதற்கு என்று தெரிந்து சொன்னால்தான் போய்ச் சேரும். அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. எப்படியும் வரிசையில் நிற்கப்போகிறீர்கள். போனைப் பையில் போட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள்.

வாசலில் டோக்கன் கொடுப்பவரை முதலில் பார்ப்பீர்கள். வயதானவர்களையும் கைக்குழந்தையோடு வந்தவர்களையும் முன்னால் அனுப்புவது அவர் வேலை. அப்படி அனுப்பும்போது பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள், அதைத் தாங்குவதும் அவர் வேலைதான். அடுத்தது எங்கள் மேசை. பெயர், பிறந்த தேதி, எந்த டோஸ், அடுத்து எப்போது வர வேண்டும். பிறந்த தேதியில் ஓர் எண் மாறினால் அடுத்த டோஸின் கணக்கே மாறிப்போகும். அதனால்தான் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்கிறோம். காது கேட்காததால் இல்லை.

யார் கண்ணிலும் படாமல் ஒருவர் இருப்பார், குளிர்பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். வழக்கமான தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர் அதிகமானாலும் சில மருந்துகள் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் கலந்த மருந்துகள் போன்றவை ஒருமுறை உறைந்தால் போதும், வீரியம் போய்விடும். பிறகு உருகி, பார்க்க முன்போலவே இருந்தாலும் பயனில்லை. அதனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை நேராகப் பெட்டிக்குள் திணிக்க முடியாது. கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். அப்புறம் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்கலாம். முகாம் காலையில் தொடங்குகிறது என்றால், இந்த வேலை விடிவதற்குள் ஆரம்பித்திருக்கும். ஐஸ் பேக்கைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும் ஒருவரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அன்றைக்கு முகாமே அவர் காதை நம்பித்தான் இருக்கிறது.

பல மருந்துக் குப்பிகளின் மேல் ஒரு சிறிய வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். 1996 முதல், முதலில் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் வந்த ஏற்பாடு இது. சூடு படப்பட உள்ளே இருக்கும் சதுரம் கருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை அந்தக் குப்பியைப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே நிறமானால் ஒதுக்கிவிட வேண்டியதுதான். நர்ஸ் குப்பியைக் கண்ணருகே தூக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். நேரம் இருந்தால் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இப்படி ஒரு கேள்வி கேட்டாலே அங்கே இருப்பவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

அடுத்தவர் போனும் கையுமாக ஓரமாக நின்றுகொண்டிருப்பார். பார்த்தால் வெட்டியாக அரட்டை அடிப்பதுபோலத் தெரியும். நடப்பது வேறு. தட்டம்மை மருந்து, காசநோய்க்கான பி.சி.ஜி. போன்றவை பொடியாக வருகின்றன. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும். கரைத்துவிட்டால் அதிகபட்சம் 6 மணி நேரம்தான் கணக்கு; அதற்குள் முகாம் முடிந்துவிட்டால் அத்தோடு சரி. மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது. கிருமி சேர்ந்தால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே ஒரே ஒரு குழந்தை வந்திருக்கும்போது, பட்டியலில் இருக்கும் மற்ற வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு "அக்கா, கிளம்பிட்டீங்களா? தம்பியைக் கூட்டிட்டு இப்பவே வந்துடுங்க" என்று கெஞ்சுபவர் இவர்தான். வருவதாகச் சொன்னவர்கள் வராமல் போனால் அதிகம் நோகிறவரும் இவர்தான். குப்பியைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவு நர்சுடையது. அந்த முடிவுக்குத் தைரியம் கொடுப்பது இவருடைய போன்.

ஊசிக்கு அப்புறம் உட்கார வைக்கும் இடத்தில் ஒருவர் இருப்பார். 15 நிமிடம், சிலருக்கு அரை மணி நேரம். கடுமையான ஒவ்வாமை என்பது பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில் வரக்கூடியது, மிக அரிது. ஆனால் வந்தால் நிமிடக்கணக்கில் கவனிக்க வேண்டும். அதைவிட அடிக்கடி நடப்பது மயக்கம், அதிலும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. ஊசி செய்கிற வேலை இல்லை அது, பயம் செய்கிற வேலை. அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரிடமும் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பள்ளிக்கூடம், மழை, கிரிக்கெட் என்று எதுவாக வேண்டுமானாலும் இருக்கும். பேசுகிற வாயைவிட முகத்தைப் பார்க்கிற கண்ணுக்குத்தான் அங்கே வேலை. உதடு வெளுக்கிறதா, நெற்றியில் வியர்வை பூக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் முகாமில் இந்த இடத்துக்கு ஒரு ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் வருவார். யார் விழப்போகிறார் என்று அவருக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும். நிற்கிற வண்டியிலும் ஓடுகிற வண்டியிலும் மனிதர்களைப் பார்த்த அனுபவம் என்பார்.

இவர்களையெல்லாம் முகாமில் பார்க்கலாம். முகாமுக்கு வெளியே ஒருவர் இருக்கிறார், வீடு வீடாகப் போகிறவர். என்னைக் கேட்டால் மிகக் கடினமான வேலை அவருடையதுதான். தேதி தவறியவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்ட வேண்டும். "போன தடவை போட்டுக் காய்ச்சல் வந்துச்சு, இனிமே வேண்டாம்" என்பார் ஒருவர். இன்னொருவர் கதவையே திறக்க மாட்டார். வாதம் பண்ணாமல், அலட்சியமும் காட்டாமல், "சரிம்மா, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே அடுத்த வாரம் போய் நிற்க வேண்டும். ஒருவேளை உங்கள் வீட்டுக்கே அவர் வந்திருக்கலாம்.

எப்போது சொல்வது

வரிசை நீளமாக இருக்கும்போது வேண்டாம். பதிவு மேசையில் உங்களுக்குப் பின்னால் ஆள் நிற்கும்போது நீங்கள் உருக்கமாகப் பேசத் தொடங்கினால், நான் ஒரு காதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஒரு கையால் அடுத்தவரின் பெயரை எழுதுவேன். இரண்டுமே ஒழுங்காக நடக்காது. குளிர்பெட்டி திறந்திருக்கும்போதும், நர்ஸ் மருந்தை சிரிஞ்சில் ஏற்றும்போதும் அறவே வேண்டாம். டோஸின் அளவைக் கவனிக்கும் நேரம் அது.

நல்ல நேரம் இரண்டு. ஒன்று, நீங்கள் காத்திருக்க வேண்டிய அந்த 15 நிமிடம். பக்கத்தில் இருப்பவரிடம் நிதானமாகப் பேசலாம். இன்னொன்று, முகாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரம். அந்த நேரத்துக்குத் திரும்பி வருகிறவர்கள் மிகக் குறைவு. வந்து நாலு நாற்காலியை அடுக்கிக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால், அதற்கு அப்புறம் தனியாக நன்றிக் கடிதம்கூட வேண்டாம்.

விழா மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் நாளைப் பார்த்து வையுங்கள். ஏப்ரல் கடைசி வாரம் உலகத் தடுப்பூசி வாரம். பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அப்போதுதான் இவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம், 1985-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அது நல்ல நாள். எந்த நாளாக இருந்தாலும் ஒலிபெருக்கி வேண்டாம், மேடை வேண்டாம். ஐந்து பேச்சாளர்களைக் கேட்பதற்காக ஒரு நாள் முழுதும் நின்றவர்களை மறுபடி உட்கார வைப்பது நன்றியில் சேராது.

என்ன சொல்வது, என்ன எழுதுவது

"நீங்கள் தெய்வம்", "உங்களால்தான் உயிரோடு இருக்கிறோம்" என்றெல்லாம் சொன்னால் எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியாது. நெளிவோம். இந்தப் புகழில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தெய்வத்துக்கு நாற்காலி வேண்டாம், கழிப்பறை வேண்டாம், ஓய்வு வேண்டாம். மனிதர்களுக்கு வேண்டும். தியாகம், தியாகம் என்று புகழப் புகழ, ஏற்பாடு செய்கிறவர்கள் மின்விசிறி வைக்க மறந்துபோகிறார்கள். இதை நான் கொஞ்சம் கசப்போடுதான் சொல்கிறேன்.

பெரிய எண்ணிக்கைகளும் வேண்டாம். 1974-இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி என்று திட்டம் தொடங்கியதிலிருந்து 50 ஆண்டுகளில் 15.4 கோடி உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக 2024-இல் ஒரு கணக்கு வெளியானது. மகத்தான எண்தான். வாழ்த்து அட்டையில் அதை எழுதிக் கொடுத்தால் படிப்பவருக்குத் தன் பங்கு எங்கே என்று தெரியாது. "என் மகள் அழுதபோது நீங்கள் உங்கள் சாவிக்கொத்தைக் கொடுத்து விளையாட்டு காட்டினீர்கள்" என்று எழுதினால் தெரியும்.

எழுதும்போது மூன்று சங்கதிகள் இருந்தால் போதும்: அவர் செய்தது என்ன, அதனால் உங்களுக்கு என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்களுக்கோ அதுதான் வேண்டும். நீங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகு என்ன ஆனீர்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் பேச்சில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"ஐயா, போன மாத முகாமில் ஊசி போட்ட பிறகு உட்காரும் இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். என் மகனுக்குத் தலை சுற்றியபோது, நான் கவனிக்கும் முன்பே அவனைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தீர்கள். கூட்டத்துக்கு முன்னால் அவனுக்கு வெட்கமாக இருந்தது. இது எல்லோருக்கும் வருவதுதான் என்று நீங்கள் சொன்னது அவனுக்குப் பெரிய ஆறுதல். இப்போது நன்றாக இருக்கிறான். அடுத்த டோஸுக்குத் தானே வருகிறேன் என்கிறான்."

அலங்காரமே இல்லை பாருங்கள். நன்றி என்ற சொல்கூட இல்லை. இந்த மாதிரி ஒரு கடிதத்தை அந்த நடத்துநர் தன் கண்ணாடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறார். கேட்டால் "துடைக்கத் துணி இல்ல, அதான்" என்பார்.

பெயர் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம். "பச்சைச் சட்டை போட்டு வாசலில் நின்றவர்" என்று எழுதினால் எங்களுக்கே புரிந்துவிடும். கையால் எழுத முடியாதவர்கள் ஒருங்கிணைப்பாளரின் போனுக்குக் குரல்பதிவாக அனுப்பலாம். ஓய்வு நேரத்தில் சுற்றி நின்று கேட்போம். குழந்தைகள் வரைந்த படம் என்றால் சுவரில் ஒட்டுவோம். ஒரே ஒரு வேண்டுகோள், படத்தில் ஊசியைப் பனைமர உயரத்துக்கு வரையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பிள்ளைகளும் அந்தச் சுவரைப் பார்க்கிறார்கள்.

கடிதத்தின் ஒரு பிரதியை முகாமை நடத்தும் அமைப்புக்கும் அனுப்புங்கள். இது முக்கியம். தன்னார்வலருக்குப் பதவி உயர்வு இல்லை, மதிப்பீட்டு அறிக்கை இல்லை. இளைஞர்கள் பலர் படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது இப்படி ஒரு கடிதம் உதவும். அமைப்புக்கு எழுதும்போதே குறைகளையும் எழுதலாம்: "உங்கள் ஆட்கள் அருமையாக வேலை செய்தார்கள். ஆனால் வாசலில் நிற்பவருக்கு நிழல் இல்லை, ஒரு பந்தல் போடுங்கள்." நாங்கள் கேட்டால் முணுமுணுப்பு என்பார்கள். வெளியாள் நீங்கள் கேட்டால் அது கோரிக்கை. உங்கள் வார்த்தைக்கு அங்கே கனம் உண்டு, அதை எங்களுக்காகச் செலவழியுங்கள்.

அன்றைக்கு உங்களுக்கு ஊசி போடாமல் திருப்பி அனுப்பியிருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லலாம். காய்ச்சல் அதிகமாக இருந்தது, இடைவெளி நாள் முடியவில்லை, மருந்து தீர்ந்துவிட்டது என்று எத்தனையோ காரணங்கள் இருக்கும். திருப்பி அனுப்பும் செய்தியைச் சொல்கிறவர் பெரும்பாலும் அந்த முடிவை எடுத்தவராக இருக்க மாட்டார். அவர்தான் திட்டு வாங்குவார். "பரவாயில்லை, அடுத்த தடவை வர்றேன்" என்று ஒருவர் சொன்னால் அன்றைய பொழுது முழுக்க அவருக்கு அது போதும்.

பொருளாகக் கொடுப்பது

பணம் கொடுக்காதீர்கள். தனி ஒருவர் கையில் உறை கொடுப்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும். பல இடங்களில் சுகாதாரப் பணியாளர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டு, குழு முழுமைக்கும் பொதுவாகக் கொடுங்கள்.

சாப்பிட எதையாவது கொண்டுவருகிறவர்கள் உண்டு. அன்பு புரிகிறது. தனித்தனிப் பொட்டலமாக இருந்தால், வேலையை நிறுத்தாமல் கிடைத்த நேரத்தில் சாப்பிடலாம். மருந்துக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் வைக்கச் சொல்லாதீர்கள். அதில் உணவோ குடிக்கும் தண்ணீரோ வைக்கவே கூடாது. கதவைத் திறக்கத் திறக்க உள்ளே வெப்பம் மாறும்.

உண்மையில் தேவைப்படுவது எது என்று கேட்டால் என் பட்டியல் மிகச் சாதாரணமானது. பேனா. மறுபடியும் பேனா. பதிவு மேசைப் பேனாக்கள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பவருக்கு ஒரு பரிசு கொடுக்கலாம். கயிறு கட்டி வைத்தாலும் கயிறு மட்டும்தான் மிஞ்சுகிறது. அப்புறம் தடித்த எழுத்து மார்க்கர், காகிதத்தைப் பிடித்துக்கொள்ளக் கிளிப் பலகை, போன் சார்ஜ் செய்ய நீளமான ஒயர், சாய்ந்து உட்காரக்கூடிய நாற்காலி. உங்களிடம் வண்டி இருந்தால், முகாம் முடிந்ததும் வயதான தன்னார்வலர் ஒருவரை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். அதைவிடப் பெரிய பரிசு எனக்குத் தெரியாது.

சின்னதாக நினைவுப் பொருள் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1954-இல் அமெரிக்காவில் போலியோ தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தபோது சுமார் 18 லட்சம் பள்ளிக் குழந்தைகள் பங்கெடுத்தார்கள். அவர்களுக்கு "போலியோ முன்னோடி" என்று ஓர் அட்டையும் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையும் கொடுத்தார்கள். குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, பெயர் எழுதி, படிவம் நிரப்பிய தன்னார்வலர்கள் இரண்டு லட்சம் பேருக்கு மேல். குழந்தைகள் பலர் அந்த வில்லையை முதுமை வரை பத்திரமாக வைத்திருந்தார்கள். கையகல அட்டையில் பெயரும் முகாம் நடந்த ஆண்டும் எழுதிக் கொடுத்தால் போதும். பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள்.

படம் எடுக்கும் முன்

முகாமில் எடுத்த படத்தோடு நன்றி சொல்லி முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. போடுங்கள், அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள். ஆனால் எடுக்கும் முன் கேளுங்கள். பின்னால் யாராவது சட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய குழந்தையோ அழுதுகொண்டிருக்கும். மேசையில் விரிந்திருக்கும் பட்டியலில் இருப்பது அண்டை அயலாரின் பெயரும் போன் எண்ணும். உங்கள் சான்றிதழையும் அப்படியே போட வேண்டாம். அதில் உங்கள் பிறந்த தேதியும் அடையாள எண்ணும் இருக்கக்கூடும். தன்னார்வலர்களிலும் சிலர் படம் வேண்டாம் என்பார்கள். காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

வாயால் சொல்லாத நன்றி

சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வாருங்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே போன் செய்யுங்கள். திறந்த குப்பியின் கதையைப் படித்துவிட்டீர்கள், ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய அட்டையைக் கொண்டுவாருங்கள். அட்டை இல்லாமல் வந்து "ஏதோ ஒரு ஊசி, இந்தக் கையில போட்டாங்க" என்று சொல்பவருக்காக நாங்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டும் நேரத்தில் ஐந்து பேரைப் பதிந்துவிடலாம். கை மேலே சுருட்ட முடிகிற சட்டை போட்டு வாருங்கள். ஊசிக்கு அப்புறம் உட்காரச் சொன்னால் உட்காருங்கள்; "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று பின்வாசல் வழியாக நழுவும் ஆளைத் தேடி அந்த நடத்துநர் தெருவரைக்கும் ஓடியிருக்கிறார்.

வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சலோ கை வீக்கமோ வந்தால் சுகாதாரப் பணியாளரிடம் சொல்லுங்கள். மனம் புண்படுமே என்று மறைக்கிறவர்கள் உண்டு. அப்படி எதுவும் இல்லை. சொன்னால்தான் பதிவு ஆகும், பதிவானால்தான் எது வழக்கமானது, எது கவனிக்க வேண்டியது என்று தெரியும். சொல்லாமல் தெருவில் மட்டும் பேசினால், அடுத்த வாரம் கதவைத் தட்டுகிறவருக்குத்தான் கஷ்டம்.

அவருக்கு உதவ ஒரு வழி இருக்கிறது. உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தடுப்பூசி பற்றி ஏதாவது பீதி கிளப்பும் செய்தி வந்தால், சண்டை போட வேண்டாம். "நான் போட்டுக்கிட்டேன், ஒரு நாள் கை வலிச்சுது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தா முகாம்ல கேளுங்க, பொறுமையா சொல்றாங்க" என்று உங்கள் அனுபவத்தை மட்டும் எழுதுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று சொல்வதைவிட, அத்தை மகள் சொல்வது எடுபடும்.

நீங்களும் வரலாம்

அலி மாவ் மாலின் என்று ஒருவர். சோமாலியாவின் மெர்க்கா நகரில் மருத்துவமனைச் சமையல்காரர். 1977 அக்டோபரில் அவருக்குப் பெரியம்மை வந்தது. இயற்கையாகப் பரவி வந்த பெரியம்மை நோயாளிகளில் உலகத்திலேயே கடைசி ஆள் அவர்தான். மருத்துவமனையில் வேலை பார்த்தும் ஊசி வலிக்கும் என்று பயந்து போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். 1980-இல் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பல ஆண்டுகள் கழித்து அவர் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். சொட்டு மருந்து வேண்டாம் என்ற தாய்மார்களிடம் தன் கதையைத்தான் சொல்வாராம்: நானும் பயந்தவன்தான், எனக்கு என்ன ஆனது என்று கேளுங்கள். 2013-இல், அங்கே போலியோ மறுபடி தலைகாட்டியபோது அந்தப் பணியில் இருந்த நேரத்தில்தான் மலேரியாவால் இறந்தார்.

எங்கள் முகாமில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இவரைப் பற்றிச் சொல்வதுண்டு. காரணம், "எனக்கு மருத்துவம் ஒண்ணும் தெரியாதே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வாக்கியம். தெரிய வேண்டாம். ஊசி போடுவதும் யாருக்குப் போடலாம் என்று முடிவு செய்வதும் பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஊசிக் கழிவுப் பெட்டியின் பக்கம் நீங்கள் போகவே வேண்டாம். உங்களிடம் இருப்பது என்ன என்று பாருங்கள். பொறுமை இருந்தால் வாசல். கையெழுத்து இருந்தால் என் பக்கத்து நாற்காலி. வாயாடி என்று வீட்டில் பெயர் வாங்கியவர்கள் காத்திருக்கும் இடத்துக்கு வரலாம், அங்கே நல்ல மரியாதை. பிற மொழி தெரிந்தவர்களும் சைகை மொழி தெரிந்தவர்களும் வந்தால் கொண்டாடுவோம். ஊசிக்குப் பயப்படுகிறவரும் வரலாம். பயந்த பிள்ளைகளிடம் பேசச் சரியான ஆள் அவர்தான்.

சேர விரும்பினால் முகாம் நடக்கும்போது கேட்காதீர்கள், முடிந்த பிறகு ஒருங்கிணைப்பாளரிடம் பெயரும் போன் எண்ணும் கொடுங்கள். உங்களுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் முடியும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்பவர்களைவிட, மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை மட்டும் என்று சொல்லி அந்தச் சனிக்கிழமை வந்து நிற்பவரை நம்பித்தான் நாங்கள் பட்டியல் போடுகிறோம். முதல் நாள் தட்டையான செருப்பு போட்டு வாருங்கள், நிற்கிற வேலை அதிகம். உங்கள் பேனாவை நீங்களே கொண்டுவாருங்கள், அதில் பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.